எட்டு கிராம்

சந்தையில் அவருக்குப் பெயர் 'அஞ்சு கிராம்'. எடை அளவு அலுவலகத்தில் ஆய்வாளர் வேலை. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வேலையில் சேர்ந்த புதிதில், ஐந்து கிராம் குறைந்ததற்காக ஒரு பழக்கடைக்காரர் மேல் வழக்கு எழுதினார். "அஞ்சு கிராம்ங்கறது ஒரே ஒரு திராட்சை சார்" என்று அந்த மனிதர் கெஞ்சினார். "அப்ப அந்தத் திராட்சையைப் போட்டிருக்கலாமே" என்றார் இவர். பதினாறு வருடமாக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் தெருமுனையில் திரும்பும்போதே "அஞ்சு கிராம் வர்றாரு" என்று கடைக்குக் கடை தகவல் பறக்கும். அவருக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவருடைய மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, வீட்டில் வாயாடி. காலையில் கண்ணுக்கு முன்னால் வாய்தான் திறக்கும். இந்த வாயாடிக்கு இரத்தத்தில் புற்றுநோய் என்று ஒன்பது வாரத்துக்கு முன்பு சொன்னார்கள். அன்றைக்கு மருத்துவர் ஒரு மணி நேரம் பேசினார். என்ன மருந்து, எத்தனை மாதம், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். முதல் நிமிடத்தில் வந்த அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு இரண்டு பேர் காதிலும் எதுவும் ஏறவில்லை. கடைசித் தாளின் அடிக்குறிப்பு வரை படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவர், அன்று பதினான்கு தாள்களில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னார்கள். செய்தது. நோய் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மருந்து வீட்டில் குடிவந்துவிட்டது. முதலில் முடி போனது. வாயாடி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அச்சு அசல் அப்பா" என்றாள். அடுத்து வாய்ப்புண். பிறகு வாசனை எதுவும் ஆகாமல் போனது. அப்பாவின் சட்டையில் சந்தை வாசம் அடிக்கிறது என்று வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து அவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு வெற்றுடம்போடு உள்ளே வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் அலுத்துவிட்டார்கள்.

கடைசியில் ருசியும் போனது. எதைக் கொடுத்தாலும் "சாவி மாதிரி இருக்கு" என்றாள்.

"நீ எப்ப சாவியைச் சாப்பிட்ட?" என்று கேட்டார்.

"சின்ன வயசுல" என்றாள்.

உலோகக் கரண்டியால் கொடுத்தால் அப்படி இருக்கும் என்று யாரோ சொல்ல, அம்மா வீட்டிலிருந்த எல்லாக் கரண்டிகளையும் பரணில் ஏற்றிவிட்டு மரக்கரண்டி வாங்கி வந்தாள். மரக்கரண்டியில் கொடுத்தால் "மரச்சாவி" என்றாள். வேகவைத்த முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, பாலில் ஊறிய ரொட்டி, ஐஸ்கிரீம், எதுவும் தொண்டைக்குக் கீழே போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. போனாலும் தங்கவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். எடை போடுவது. சமையலறை மேடையில் ஒரு சின்னத் தராசை வைத்தார். தட்டைக் கொடுக்கும் முன் ஒரு எடை, திரும்பி வந்த பின் ஒரு எடை. வாந்தி எடுத்தால் அந்தக் கிண்ணத்துக்கும் ஒரு எடை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். உள்ளே போனது நூற்று நாற்பது கிராம், வெளியே வந்தது நூற்று இருபது, நிகரம் இருபது.

"இதை எழுதி வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியணும்ல."

"எனக்குப் பாத்தாலே தெரியுது."

மனைவி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்தாள். ஊரில் இருக்கிற பாதி ஜன்னல்களின் அகலம் அவளுக்கு மனப்பாடம். ஒன்பது வாரத்தில் மகளின் பாவாடை இடுப்பை மூன்று முறை பிடித்துத் தைத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் பிடித்த துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்து விட்டாள். அளவு திரும்பி வரும்போது பிரித்துவிடலாம் என்று.

செவ்வாய்க்கிழமைதோறும் மருத்துவமனை. முதலில் எடை, அப்புறம் இரத்தம், அப்புறம் மருந்து. நோய் கண்டுபிடித்த அன்று வாயாடி சரியாக இருபது கிலோ. பதினெட்டுக்குக் கீழே இறங்கினால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு, அதில் சத்துப்பால் விடுவோம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை, நிறையக் குழந்தைகளுக்குப் போடுவதுதான் என்றும் சொன்னார். பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரிய பெண்ணுக்கு அந்தக் குழாய் இருந்தது. வாயாடி அவளிடம் விசாரித்தாள். "போடும்போது மூளைக்குள்ள புழு போற மாதிரி இருக்கும்" என்று அந்த அக்கா விவரமாகச் சொல்லிக்கொடுத்தாள்.

வீடு திரும்பும் பேருந்தில் வாயாடி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் குழாய் போட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"நெசமா?"

"நான் சொல்றேன்ல. உனக்குக் குழாய் வராது."

அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது வாயாடிக்குத் தெரியும். கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் மழை கொட்டினாலும் குடையோடு போய் நின்றுவிட்டு வருகிற ஆள். அவள் நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பி, எதிரே வந்த வண்டிகளை எண்ண ஆரம்பித்தாள். அப்பா பையிலிருந்த நோட்டைத் திறந்து நிகரங்களைக் கூட்ட ஆரம்பித்தார்.

ஒன்பதாவது வாரம் பதினெட்டு கிலோ முந்நூறு. அந்த வாரம் முழுக்க நோட்டில் நிகரம் என்ற கட்டத்தில் எழுதவே கை கூசியது. அலுவலகத்தில் ஆளை நிறுக்கிற தராசு இருந்தும் மகளைக் கூட்டிப்போய் நிறுத்துப் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு எடையைத் தெரிந்துகொள்ள அவர் பயந்தது அந்த வாரம்தான்.

திங்கட்கிழமை உருளைக்கிழங்கு மண்டிக்குச் சோதனைக்குப் போனார். மூட்டைகளை நிறுக்கிற மேடைத் தராசு. தராசு சரியாகத்தான் இருந்தது. வியாபாரியின் கால்தான் சரியில்லை. மூட்டையைத் தாங்கிப் பிடிப்பதுபோல் பின்னால் நின்றுகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மேடையின் ஓரத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். மூட்டைக்கு ஒரு கிலோ கூடியது. கையும் களவுமாகப் பிடிப்பார்கள், இவர் காலும் களவுமாகப் பிடித்தார்.

"என் கால் எங்க போகுதுன்னு எனக்கே தெரியறதில்ல சார்" என்றார் வியாபாரி.

"இப்பத் தெரிஞ்சுக்குங்க" என்று வழக்கை எழுதிக் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு ஒரு நாள்தான் சார். நாளையிலேருந்து சரியாப் போட்டுடுவேன்."

பதினாறு வருடத்தில் இந்த வசனத்தைச் சொல்லாத வியாபாரி கிடையாது. அதைக் கேட்டுக்கொண்டே வெளியே வந்தவர், தெருவின் நடுவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரர் திட்டியதுகூடக் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் வீடு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. மனைவி வாயாடியின் நீலப் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு அதன் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். "பிரிஞ்சுபோச்சு" என்றாள், அவர் கேட்காமலேயே. வாயாடி அலமாரியில் இருந்த பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "தாகம் எடுக்கும்" என்றாள், அவளும் கேட்காமலேயே. மனுஷன் ஒரு கடையில் இப்படி இரண்டு பதிலைக் கேட்டிருந்தால் கல்லாப்பெட்டிக்கு அடியில்கூடத் தேடியிருப்பார். அன்றைக்கு அவர் நினைப்பு முழுக்கத் தன் வலது கால் கட்டைவிரலில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. சிகிச்சைப் பிரிவுக்குள் செருப்புப் போடக் கூடாது. எல்லோரும் காலுறையோடு நின்றார்கள். எடை பார்க்கிற அறை சின்னது. சுவரோரம் மேடைத் தராசு, அதன் மேல் எண் காட்டும் பெட்டி. அதற்கு முந்தின வருடம் முத்திரை குத்தியதே அவர் அலுவலகம்தான். வயதான தலைமை நர்ஸ் கையில் தாளோடு நின்றார்.

"ஏறும்மா" என்றார்.

வாயாடி ஏறினாள். நடை கொஞ்சம் விறைப்பாக இருந்தது. மருந்தால் மூட்டு வலி என்று அப்பா நினைத்துக்கொண்டார். "தலை சுத்தும் சிஸ்டர், நான் பிடிச்சுக்கறேன்" என்று பின்னால் போய் நின்றார். கையால் தொடவில்லை. கையால் தொட்டால் நர்ஸுக்குத் தெரியும். காலுறைக்குள் இருந்த கட்டைவிரல் மேடையின் ஓரத்தைத் தேடிப்போய் உட்கார்ந்தது. முந்நூறு கிராம் போதும் என்று அவர் திட்டம். இன்னிக்கு ஒரு நாள்தான். அடுத்த வாரம் உண்மையிலேயே ஏறிவிடும்.

பெட்டியில் எண்கள் ஓடி நின்றன. பத்தொன்பது கிலோ தொள்ளாயிரத்து எண்பது.

ஒரே வாரத்தில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ. இந்தப் பெண் ஒரு வாரத்தில் சாப்பிட்டதை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. நோட்டு அவர் பையிலேயே இருந்தது. தன் கட்டைவிரலுக்கு இத்தனை பலமா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் அவரைவிட அதிகத் திகைப்பு. வாயாடி எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் வயிற்றைப் பார்த்தாள்.

"அட, சமத்து!" என்றார் நர்ஸ், தாளில் எழுதிக்கொண்டே. "இவ்வளவு ஏறிடுச்சா! இருங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். மருந்தைக் கூட்டணும்."

"எதைக் கூட்டணும்?" என்றார் அப்பா.

"மருந்தைத்தான். எடையையும் உயரத்தையும் வெச்சுத்தானே மருந்தோட அளவு போடறோம்? எடை கூடினா மருந்தும் கூடும். முதல் நாளே டாக்டர் சொல்லியிருப்பாரே."

சொல்லியிருப்பார். பதினான்கு தாள்களில் ஏதோ ஒன்றில் எழுதியும் இருந்திருக்கும். முடியைக் கொட்டவைத்த, வாயைப் புண்ணாக்கிய, ருசியைத் தூக்கிக்கொண்டு போன அதே மருந்து, இல்லாத எடைக்கும் சேர்த்து அந்தச் சின்ன உடம்புக்குள் போகும். அஞ்சு கிராம் என்று பெயர் வாங்கின மனிதரின் கட்டைவிரல் அதைச் செய்யும். அவர் வாழ்க்கையில் எந்த வியாபாரி மேலும் படாத வெறுப்பு அந்த நொடியில் அவருக்குத் தன்மேல் வந்தது.

"சிஸ்டர், இந்த எடை செல்லாது" என்றார். பதற்றத்தில் அலுவலகக் குரல் தானாக வந்துவிட்டது.

"ஏன்?"

"மேடையில என் கால் இருக்கு."

நர்ஸ் குனிந்து பார்த்தார். கால் இன்னும் அங்கேயேதான் இருந்தது. எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இப்போது எடுத்தார். பெட்டியில் எண் இறங்கியது. பத்தொன்பது கிலோ எண்பது.

"அதெப்படிங்க நீங்க..." என்று ஆரம்பித்த மனைவி பாதியில் நிறுத்தினாள். எண்ணைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து சின்னக் கத்திரிக்கோலை எடுத்து, மகளின் காலடியில் உட்கார்ந்து, நீலப் பாவாடையின் ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். திரைச்சீலை காற்றில் பறக்காமல் விறைப்பாகத் தொங்குவதற்கு அதன் ஓரத்தில் ஈயக்குண்டுகள் வைத்துத் தைப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். பன்னிரண்டு குண்டுகள். வைக்கும்போதெல்லாம் 'டிக்' என்று சத்தம் கேட்டது.

பதினெட்டு கிலோ நானூற்று எண்பது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"சொன்னா என்மேல வழக்கு எழுதியிருப்பீங்க" என்றாள் மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டே.

நர்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். "எனக்கு இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். சட்டைப்பையில கல்லு போட்டு அனுப்பின அம்மாவைப் பாத்திருக்கேன். குடும்பமா சேர்ந்து பண்ணினது நீங்கதான்." திட்டுகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. தாளில் எழுதியிருந்ததை அடித்தார். "சரி, விடுங்க. பதினெட்டு நானூத்தி எண்பது. போன வாரத்தைவிடக் கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. குழாய் தேவைப்படாது."

அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். திருட்டு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. பிள்ளை தானாகவே தேறியிருக்கிறாள்.

வாயாடி தராசிலிருந்து இறங்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தரையில் வரிசையாக இருந்த பன்னிரண்டு குண்டுகளைப் பார்த்தாள். இரண்டு கால்களையும் இறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "எனக்கு ஒண்ணுக்கு வருது. ரொம்ப நேரமா."

பெரிய பாட்டில் அம்மாவின் பையில் காலியாக இருந்தது. இரண்டு வாய் பால் குடித்தால் மூன்று வாய் வெளியே தள்ளுகிற பெண், அரை லிட்டர் தண்ணீரைப் பேருந்தில் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, குமட்டலைப் பல்லைக் கடித்து அடக்கி, உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். மூன்று பேரில் அதிகம் கஷ்டப்பட்டது அவள்தான். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

அம்மா அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். குமட்டலை அடக்கிக்கொண்டிருந்தவளுக்கு அங்கே போனதும் வாந்தியும் வந்துவிட்டது. திரும்பி வந்து மறுபடி தராசில் ஏறினாள். இந்த முறை அப்பா கதவோரம் போய் நின்றார்.

பதினேழு கிலோ தொள்ளாயிரத்து எண்பது.

நர்ஸ் எண்ணைப் பார்த்தார். வாயாடியைப் பார்த்தார். அவருக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. குரலைத் தாழ்த்தி, "பதினெட்டுன்னு போட்டுக்கவா?" என்றார். "இருபது கிராம்தானே. இதால மருந்துல ஒண்ணும் ஆகிடாது. ஒரு வாரம் பாக்கலாம்."

யாரிடம் கேட்டார் என்பதில் சந்தேகம் இல்லை. அறையில் இருந்த மூன்று பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

"இருபது கிராம்ங்க" என்றாள் மனைவி. "ஒரு வாய் தண்ணி."

வாயாடி தராசிலேயே நின்றாள். அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச அவரால் முடியவில்லை. எண் காட்டும் பெட்டியைப் பார்த்துப் பேசினார். இன்றைக்கு இருபது கிராம். அடுத்த வாரம் இருநூறு இறங்கியிருக்கும், அப்போதும் யாராவது மனசு இளகுவார்கள், இவரும் தலையை ஆட்டுவார். பிள்ளை ஒவ்வொரு கிராமாகக் கரைந்துகொண்டே போவாள், தாளில் மட்டும் பதினெட்டாகவே இருப்பாள். ஒரு ஆள் எப்படி இதில் இறங்குவான் என்பதை அவர் பதினாறு வருடமாகப் பார்த்திருக்கிறார். சற்று முன்பு உள்ளே இருந்தும் பார்த்துவிட்டார்.

"உள்ளதை எழுதுங்க சிஸ்டர்" என்றார்.

"நீங்க சொன்னீங்க" என்றாள் வாயாடி. "குழாய் வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் உண்மையைத்தானே சொன்னேன்."

அன்றே குழாய் போட்டார்கள். மூக்கிலிருந்து காது வரைக்கும், காதிலிருந்து வயிறு வரைக்கும் குழாயை வைத்து அளந்தார்கள். "முழுங்கு, முழுங்கு, இன்னொரு வாய், அவ்வளவுதான்" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாதான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவள் கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கன்னத்தில் ஒட்டுப்பட்டை போட்டார்கள். அவள் கைகளை உருவிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் அவரிடம் பேசவில்லை.

மற்ற எல்லோரிடமும் பேசினாள். அம்மாவிடம் பேசினாள், மருத்துவரிடம் பேசினாள், மின்தூக்கியிடம் "மூணாவது மாடி" என்று சொல்லிவிட்டு நன்றியும் சொன்னாள். அப்பா அறைக்குள் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். "கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்று ஏழு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தவருக்கு, கேட்டதெல்லாம் மொத்தமாகக் கிடைத்தது. அவருக்கு அது தாங்கவில்லை. சமையலறையில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுத ஒன்றும் இல்லை. சத்துப்பால் அளவோடு உள்ளே போனது, தங்கியது.

"நீங்க செஞ்சது சரிதான்" என்றாள் மனைவி, மூன்றாம் நாள். பாவாடையின் ஓரத்தை மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள், இந்த முறை காலியாக. "அதனாலதான் இவ்வளவு எரிச்சலா வருது."

"எனக்கும்தான்" என்றார்.

ஐந்தாம் நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"இது எவ்வளவு எடை?"

திரும்பினார். வாயாடி மூக்கிலிருந்து தொங்கிய குழாயைத் தொட்டுக் காட்டினாள். முகம் ஒரு விரோதியிடம் விலை கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"தெரியலையே" என்றார்.

"பாத்து சொல்லுங்க."

மருத்துவமனையில் மாற்றுக் குழாய் ஒன்றை உறையோடு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதையும் ஒட்டுப்பட்டை ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு உண்டு. மூச்சுக்காற்று பட்டால்கூட முள் ஆடும். நகைக்கடை எடைக்கற்களைச் சோதிக்கிற தராசு. வெளியே தெரிகிற நீளம், உள்ளே போகிற நீளம் என்று பிரித்துப் பார்த்தார், சேர்த்துப் பார்த்தார், மூன்று முறை நிறுத்தார். பிறகு மேசையிலிருந்து அரசாங்கச் சான்றிதழ்த் தாள் ஒன்றை எடுத்து, 'குழாய் ஒன்று, ஒட்டுப்பட்டையுடன், எட்டு கிராம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அலுவலகத் தாளைச் சொந்த வேலைக்கு எடுத்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து, வாசலில் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, வெற்றுடம்போடு அந்தத் தாளை மகளிடம் நீட்டினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. அதே அறை, அதே தராசு. வாயாடி மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், ஏறவில்லை.

"அம்மா, நீ அங்க போய் நில்லு. கைப்பையை சிஸ்டர்கிட்ட குடு."

அம்மா கொடுத்தாள்.

"அப்பா, சுவர்கிட்ட போங்க. இன்னும். முதுகு ஒட்டணும். காலு ரெண்டும் தெரியணும்."

ஒரு வாரத்தில் அவள் அவரிடம் பேசிய இரண்டாவது பேச்சு. அவர் சுவரோடு ஒட்டி நின்றார். வாயாடி அவர் கால்களைக் குனிந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, தன் பாவாடை ஓரத்தையும் நர்ஸ் தடவிப் பார்க்கும்படி காட்டினாள். "பாத்ரூம் போயிட்டு வந்துட்டேன்" என்றும் அறிவித்தாள். பிறகு ஏறினாள். லேசாகத் தள்ளாடினாள். அப்பாவின் கை தானாக நீண்டது.

"தொடக் கூடாது" என்றாள்.

கை திரும்பிப் போனது. எண்கள் ஓடி நின்றன.

"பதினெட்டு கிலோ இருநூத்தி நாப்பது" என்று நர்ஸ் படித்தார். நிஜமாகவே ஏறியிருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எட்டு கிராம் கழிக்கணும்" என்றாள் வாயாடி.

"என்ன எட்டு கிராம்?"

வாயாடி பாவாடைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். நர்ஸ் அதைப் பிரித்துப் படித்தார், முத்திரையைப் பார்த்தார், சுவரோடு நின்ற மனிதரைப் பார்த்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். தவறான தகவல் ஒன்று காதில் விழுந்தால் திருத்தாமல் இருக்க அவரால் முடியாது. அது பிறவிக் கோளாறு. "பாப்பா, இந்தத் தராசு இருபது இருபது கிராமாத்தான் காட்டும். அதுக்குக் கீழ இருக்கறது அதுக்குத் தெரியாது. எட்டு கிராமைக் கழிச்சு எழுதறது விதிப்படி செல்லாதும்மா."

"தராசுக்குத் தெரியாது" என்றாள் வாயாடி. கன்னத்தில் ஒட்டியிருந்த குழாயைத் தொட்டாள். "எனக்குத் தெரியுது."

அவர் தொண்டையில் ஏதோ அடைத்தது. விழுங்கப் பார்த்தார், போகவில்லை. எட்டு நாளாக அவள் அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"கழிச்சு எழுதுங்க சிஸ்டர்" என்றார்.

நர்ஸ் பேனாவை எடுத்தார். "பதினெட்டு இருநூத்தி முப்பத்திரெண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். வாயாடி தராசில் நின்றபடியே எட்டி ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு சுவர்ப்பக்கம் கையை நீட்டினாள்.

"எழுதியாச்சு" என்றாள். "இப்ப பிடிச்சுக்கலாம், அப்பா."